அப்பாவின் பழைய சட்டை, பாப்பாவின் புது கவுன்

வொர்க்‌ஷாப் லேபில் லேத் ஓட்டி முடித்ததும் கை துடைக்க ஒரு துணி எடுப்போமே, அதை என்றைக்காவது விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நம்ம ஊர்ல அதுக்குப் பேரு ‘பனியன் வேஸ்ட்’. பெரும்பாலும் திருப்பூர்ப் பக்கம் பனியன் வெட்டியபோது மிஞ்சிய துண்டு. தொட்டால் மெத்தென்று இருக்கும், ஒருதடவைகூட யாரும் உடுத்தியிருக்க மாட்டார்கள். அதில் கிரீஸைத் துடைத்துத் தூக்கிப் போடுகிறோம்.

நம்ம பக்கத்திலும் இது நடக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்கு உடை தைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையே இருக்கிறது. எங்கே துணி வெட்டினாலும், வளைவான பாகங்களுக்கு இடையில் துண்டு மிஞ்சத்தான் செய்யும். ஷீட் மெட்டலில் வட்டம் வெட்டினால் ஓரம் மிஞ்சுகிற மாதிரிதான். இது போக, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்த டெய்லர் கடையிலும் மேசைக்கு அடியில் ஒரு மூட்டை நிறைய வெட்டுத்துணி கிடக்கும். வீட்டு பீரோவில் போடாத சட்டைகள் கிடக்கும்.

இந்தத் துணியில் குழந்தைக்கு ஒரு கவுனும் ஒரு பொம்மையும் தைப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். தையலுக்கு முன்னால் துணியைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறோம், ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

பழசு ஏன் மெத்தென்று இருக்கிறது?

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்ற நம்ம பாட்டிகள் விடமாட்டார்கள். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். தூளி கட்டவும் பழைய பருத்திப் புடவைதான். காசு இல்லாததால் மட்டும் வந்த பழக்கம் இல்லை இது.

புதுத்துணியில் நெசவுக்காகப் போட்ட கஞ்சி இருக்கும். சுருக்கம் விழாமல் இருக்கப் பூசிய பிசின் இருக்கலாம், அப்படிப்பட்ட பிசின்கள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு உண்டு. சாயம் முழுசாகப் பிடித்திருக்காது. நெசவில் இழுத்துப் பிடித்த நூல் முதல் சில சலவைகளில் சுருங்கும். ஐம்பது தடவை துவைத்த துணியில் இந்தப் பிரச்சினைகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். நூலிழைகள் தளர்ந்து மென்மையாகியிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்குகிறோம். துவைக்கத் துவைக்கத் துணியின் இழுவலிமை குறையும். மென்மை கூடக்கூட வலிமை குறைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைப் பிடிப்பதுதான் நம்ம டிசைன் ப்ராப்ளம்.

நான்கு சோதனைகள்

ஒன்று, எரிசோதனை. ஓரத்திலிருந்து விரல் அளவு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர் கட்டாயம். ஹாஸ்டல் அறைக்குள் வேண்டவே வேண்டாம். பருத்தி காகிதம் மாதிரி எரியும், காகிதம் கருகிய வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி நிற்கும். இரண்டும் கலந்து தெரிந்தால் அது பாலிகாட்டன்.

பருத்தி ஏன் முக்கியம்? வழக்கமான ஆய்வக ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். மே மாதம் பூந்தமல்லி வெயிலில் பஸ்ஸில் உட்கார்ந்து பாலியஸ்டர் சட்டையில் வியர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஜூன் மாதம் டெய்லர் கடைகளில் நிறைய கிடைக்கும் பள்ளிச் சீருடைத் துண்டுகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். அதைப் பென்சில் பைக்கும் பர்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை உடம்பில் படும் உடைக்கு வேண்டாம்.

இரண்டு, ஜன்னல் சோதனை. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தேய்ந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆண்கள் சட்டையில் காலர், முழங்கை, அக்குள் மூன்றும் சீக்கிரம் தேயும். முதுகின் கீழ்ப்பாதிதான் நல்லா இருக்கும்.

மூன்று, இழுவைச் சோதனை. இரண்டு கட்டைவிரலும் ஐந்து செ.மீ. இடைவெளியில் இருக்கிற மாதிரி துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். நீளவாட்டில் ஒருமுறை, குறுக்குவாட்டில் ஒருமுறை. ‘சர்ர்’ என்று கிழிகிற துணியைத் துடைக்கப் போட்டுவிடுங்கள்.

நான்கு, சாயச் சோதனை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணிமேல் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வேண்டாம். குழந்தை உடையை உடுத்துவதோடு நிற்காது, சப்பவும் செய்யும்.

நான்கிலும் தேறிய பருத்தித் துணியைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடும்.

கவுன்: ஒரு வயதுக் குழந்தைக்கு

அப்பாவின் முழுக்கைச் சட்டை ஒன்று போதும். சட்டையின் முன்பக்கம் கவுனின் பின்பக்கம் ஆகும். பட்டன் பட்டி ஏற்கெனவே இருப்பதால் பாதி வேலை மிச்சம்.

ஏன் பின்பக்கம் திறக்கணும்? கணக்குப் போடுவோம். ஒரு வயதில் தலைச் சுற்றளவு சுமார் 45 முதல் 46 செ.மீ., மார்புச் சுற்றளவும் ஏறக்குறைய அதேதான். கழுத்தை அரை அகலம் 6 செ.மீ., முன் இறக்கம் 6 செ.மீ., பின் இறக்கம் 2 செ.மீ. என்று வெட்டினால் மொத்தக் கழுத்துச் சுற்று சுமார் 32 செ.மீ. தான் வரும். 32-க்குள் 45 எப்படி நுழையும்? பெரியவர்களுக்குத் தைக்கும் பழக்கத்தில் குழந்தைக்குத் தைக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிசு.

வெட்டும் முறை இது. சட்டைப் பையைப் பிரித்து எடுங்கள். பட்டன்களைப் போட்டு, பட்டன் வரிசை நடுவில் வருகிற மாதிரி முன்பக்கத்தை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். முதுகுப் பக்கத்தையும் நடுவில் மடியுங்கள். இரண்டிலும் மேல் ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளி ஒரு கோடு போடுங்கள், அது தோள் தையலுக்கு. மற்ற அளவெல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான்.

மடிப்பிலிருந்து கழுத்து 6 செ.மீ., தோள் முனை 11 செ.மீ. தோள் முனையை 1.5 செ.மீ. கீழே இறக்குங்கள். கையிறக்கம் 12 செ.மீ. அந்த இடத்தில் அகலம் 15.5 செ.மீ.: மார்பு 46, தளர்வுக்கு 10, ஆக 56, அதில் நாலில் ஒரு பங்கு 14, தையலுக்கு 1.5. கீழ் விளிம்பில் அகலம் 19 செ.மீ. உயரம் 40, கீழ் மடிப்புக்கு 2.5. கழுத்துக்கும் கைக்கும் பைப்பிங் வைக்கப் போவதால் அங்கே தையலுக்குத் துணி விட வேண்டாம். சட்டையில் நீளவாட்டு எப்படி இருந்ததோ, கவுனிலும் அப்படியே நிற்கட்டும்.

பைப்பிங்குக்கு 3 செ.மீ. அகலத்தில் பட்டிகளை 45 டிகிரி சாய்வில் வெட்டுங்கள், டெய்லர்கள் சொல்லும் ‘கிராஸ் பீஸ்’. பாவும் ஊடையும் நேராக இழுத்தால் நீளாது. சாய்வாக இழுத்தால் நெசவின் சதுரங்கள் சாய்சதுரமாக மாறி நீளும். அதனால்தான் கிராஸ் பட்டி வளைவில் சுருக்கமில்லாமல் உட்காரும்.

தோளும் பக்கங்களும் ஃப்ரெஞ்ச் சீம். துணியின் உள்பக்கங்கள் ஒட்டுகிற மாதிரி வைத்து ஓரத்திலிருந்து 5 மி.மீ.-இல் ஒரு தையல். ஓரத்தை 3 மி.மீ.-க்கு நறுக்கி, திருப்பி, 7 மி.மீ.-இல் இன்னொரு தையல். பிசிறு உள்ளே அடைபட்டுவிடும். இது அழகுக்காக மட்டும் இல்லை. உள்ளே தொங்கும் ஒற்றை நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். முடித்ததும் உள்பக்கத்தைத் திருப்பி, தொங்கும் நூல் எல்லாவற்றையும் வெட்டுங்கள்.

பட்டன்

இப்போ ஏன் இத்தனை சோதனை என்று சொல்கிறேன். அக்கா பொண்ணோட முதல் பிறந்தநாளுக்கு அப்பா சட்டையில் நான் தைத்த முதல் கவுன் இது. எல்லாரும் பாராட்டினாங்க, எனக்குத் தலைகால் புரியல. மூன்றாவது தடவை துவைத்துப் போட்ட அன்றைக்கு, பாப்பா உதட்டுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அம்மா பார்த்து எடுத்துட்டாங்க. சட்டை பட்டன்.

துணியை மட்டும் பார்த்துவிட்டு, பட்டனைப் பிடித்திருந்த பத்து வருஷத்துப் பழைய நூலை நான் பார்க்கவே இல்லை. கவுன் ஜோராக இருந்தது, தப்பு முழுக்க என்னுடையது.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் ஒரு சிறிய உருளை வைத்திருப்பார்கள். உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுசாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. சட்டை பட்டன் சுமார் 11 மி.மீ. யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து நான் செய்வது இது. பழைய பட்டன் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவேன். மேலே இரண்டே இரண்டு பட்டன் மட்டும் புது பாலியஸ்டர் நூலை இரட்டையாகக் கோத்துத் தைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு. அதற்குக் கீழே பட்டியை மூடித் தைத்துவிடுவேன், மேலே 10 செ.மீ. திறந்திருந்தால் போதும். 32-உடன் இரண்டு பக்கமும் 10, ஆக 52, தலை தாராளமாக நுழையும். பிறகு பட்டனுக்கு அடியில் கெட்டி நூல் சுற்றி, லக்கேஜ் தராசில் மாட்டி, 9 கிலோ காட்டும்வரை இழுத்துப் பத்து விநாடி பிடிப்பேன். பொம்மைத் தரச்சோதனைகளில் வரும் 90 நியூட்டன் விசைக்கு இது கிட்டத்தட்டச் சமம். பிடுங்கினால் மறுபடி தையல். துணி கிழிந்தால் அந்தத் துணி பட்டன் தாங்காது என்று அர்த்தம். கொடுக்கும்போது, “ஒவ்வொரு தடவை துவைச்ச பிறகும் பட்டனை இழுத்துப் பாருங்க” என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

கழுத்தைச் சுற்றி நாடா, கயிறு எதுவும் வேண்டாம். சறுக்கு மரத்திலோ கதவிலோ மாட்டினால் இறுக்கிவிடும்.

தேறாத துணிக்கும் வேலை உண்டு

இழுவையில் கொஞ்சம் தளர்ந்த மெல்லிய பருத்தியை என்ன செய்வது? வங்காளத்தின் காந்தா இதற்கு விடை வைத்திருக்கிறது. பழைய புடவைகளை அடுக்கடுக்காக வைத்து, முழுக்க ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்குப் போர்வை ஆக்குவார்கள். தனித்தனியாக வலுவில்லாத அடுக்குகள் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. நாம் கிளாஸில் படிக்கும் லேமினேட் காம்போசிட் வேறென்ன? நாலு அடுக்குப் பழைய வேட்டி, விரல் அகல இடைவெளியில் ஓட்டுத்தையல், ஒரு வார இறுதியில் முடியும். விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விட அருமையாக இருக்கும்.

இன்னும் சின்னத் துண்டுகள்? அதற்கு நம்ம கடற்கரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்தும் உபாசனா டிசைன் ஸ்டுடியோ, சுற்றியுள்ள மீனவ கிராமத்துப் பெண்களுக்கு ஒரு குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் சுனாமிகா. மூலப்பொருள், உடைத் தயாரிப்பில் மிஞ்சிய துண்டுத்துணி. உறவுகளையும் படகுகளையும் இழந்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கைக்கு ஒரு வேலையும், கொஞ்சம் வருமானமும், சேர்ந்து உட்கார ஒரு இடமும் கிடைத்தது. சுனாமிகாவுக்கு விலை கிடையாது. பொம்மையைப் பரிசாகத்தான் கொடுத்தார்கள், நன்கொடையில்தான் செலவு ஓடியது. லட்சக்கணக்கில் செய்து பல நாடுகளுக்குப் போனது.

நீங்களும் ஒரு துணிப் பொம்மை செய்யலாம். உள்ளே பொடியாக நறுக்கிய சுத்தமான பனியன் துண்டுகளை அடையுங்கள். தெர்மோகோல் உருண்டையோ பயறோ வேண்டாம், தையல் விட்டால் நேராக வாய்க்குத்தான் போகும். கண்ணும் வாயும் நூலால் தையுங்கள், மணி வேண்டாம். வெளித்தையல் இரண்டு வரிசை.

ஒரு எச்சரிக்கை. சிம்போசியத்தில் ஸ்டால் போட்டு இந்தப் பொம்மையை விற்கலாமே என்று தோன்றும். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன்தான் விற்கணும் என்று மத்திய அரசின் ஆணை இருக்கிறது. பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, நமக்குக் கிடையாது. அதனால் பொம்மையைப் பரிசாகக் கொடுங்கள். ஸ்டாலுக்குப் பென்சில் பையும் லேப்டாப் உறையும் தையுங்கள், சீருடைத் துண்டுகள் அதற்குத்தான் எடுத்து வைத்தோம்.

மெஷின் இல்லையென்று உட்கார வேண்டாம். போர்வையும் பொம்மையும் கைத்தையலிலேயே முடியும். கவுனுக்கு வீட்டில் தூசி படிந்து நிற்கும் மிதி மெஷினைத் தட்டியெழுப்புங்கள், எப்படி ஓட்டுவது என்று அம்மாவோ சித்தியோ சொல்லித் தருவாங்க. எனக்கு அம்மாதான் சொல்லித் தந்தாங்க. அந்தப் பட்டனை எடுத்த அதே கையால், அன்றைக்கே, திட்டாமல், நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சுப் போடுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தாங்க. இந்த செமஸ்டர் லீவில் ஒரே ஒரு கவுன் தைத்துப் பாருங்கள். முதலில் துணியை ஜன்னலில் பிடித்துப் பார்க்க மறக்காதீங்க.