மணலிலே துயிலும் மீன்

தமிழாசிரியன் மீனைப் பற்றி எழுதப் புகுந்தால் நகைப்போர் சிலர் இருப்பர். மலர்க்குழுவினர் என்னிடம் எதிர்பார்த்தது நெய்தற்றிணையைப் பற்றிய கட்டுரையே. எனினும், திருக்கோவிலிலே சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் அயலில் அலையோசை கேட்டு வளர்ந்த நான், கடல்வாழ் உயிரொன்றைக் கண்ணாடித் தொட்டியிலே வளர்த்துக் கற்றதைச் சொல்வதும் அத்திணைக்குப் புறம்பாகாது என்று கருதுகின்றேன்.

ஆங்கிலத்தில் 'றாஸ்' என்றும் நூல்வழக்கில் 'லாப்ரிடே' என்றும் பெயர்பெற்ற மீன்குடும்பம் ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்டது. கிளிமீனுக்கு இது நெருங்கிய உறவு. இவற்றுள் ஹலிக்கோரெஸ், கோரிஸ், மக்ரோபரிங்கொடொன் என்னும் சாதிகளைச் சேர்ந்தவை பொழுது சாயும் வேளையிலே தலைகீழாய் மணலைத் துளைத்துட் புகுந்து, விடியும்வரை அங்கேயே துயில்வன. இரவில் இரைதேடும் மீன்களுக்குத் தப்புவதற்கு இது வழி. பகலிலும் அச்சமுற்றால் நொடிப்பொழுதில் மணலுக்குள் மறைந்துவிடும்.

இம்மீன்களுக்கும் இலங்கைக்கும் பழைய தொடர்புண்டு. பெனற் என்னும் ஆங்கிலேயர் இலங்கைக் கரையோர மீன்களைப் பற்றி வண்ணப்படங்களுடன் வெளியிட்ட நூலிலே, இன்று கோரிஸ் போர்மோசா என வழங்கும் மீனை 1830 ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்டார். 'போர்மோசா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு அழகியது என்பது பொருள். அன்றியும், கடல் அலங்கார மீன்களைப் பிறநாடுகளுக்கு விற்கும் வணிகம் 1930களில் இந்நாட்டிலேயே சிறு அளவில் தொடங்கியது என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தி. தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே, மீன் பிடிக்கும் மூழ்காளர் அமைதியான நம் கிழக்குக் கடலை நாடி வருவர். அவர்களுட் சிலர் முன்பு பயன்படுத்திய 'மொக்சி' வலை, பவளப்பாறையைப் போர்த்து, பாறையை உடைத்து மீனை வெளியேற்றுவது. அது சட்டத்தினால் தடுக்கப்பட்டது. மிக நன்று.

இனி என் கதைக்கு வருகின்றேன். 2021 ஆம் ஆண்டிலே, என் வீட்டிற்குப் பாடங் கேட்க வரும் மாணவன் ஒருவன், கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளை, பாறைக்குழியிற் பிடித்த மூன்றங்குல ஹலிக்கோரெஸ் மீனொன்றை வாளியிலே கொண்டுவந்தான். விறாந்தையிலிருந்த மூன்றடித் தொட்டியில் அதனை விட்டேன். விட்ட கணமே மணலுக்குட் போயிற்று. மறுநாளும் வரவில்லை, மூன்றாம் நாளும் வரவில்லை. இறந்து அழுகி நீரைக் கெடுத்துவிடுமோ என அஞ்சினேன். "சேர், அது நித்திரை. விடுங்க, தானா வரும்" என்றான் பையன். நான் கேட்கவில்லை. அடிமட்டத்தினால் மணலைக் கிளறினேன். மீன் உயிரோடுதான் இருந்தது. ஆனால் செதில் உரிந்து, வாய் புண்பட்டு வெளிவந்தது. இரண்டு நாளில் இறந்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமை எனக்குச் சொன்னது பெரிது.

அதன்பின்னரே நூல்களைப் புரட்டினேன். கண்ட பிழை ஒன்றன்று, இரண்டு. பொறுமையின்மை முதலாவது; மணல் இரண்டாவது. தொட்டியில் யான் இட்டிருந்தது உடைத்த சிப்பியும் பருக்கைக் கல்லும் கலந்த கூரிய மணல். இம்மீன்களின் உடலைக் காப்பது அதன்மேற் படர்ந்த வழுவழுப்பான கோழைப்படலம். கூரிய மணல் அதனைக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் நோய்க்கிருமி புகும். மணி மணியான நுண்ணிய பவளமணலே தக்கது. ஆழம் இரண்டு அங்குலத்திற்குக் குறையலாகாது. மீன் பெரிதாயின் மூன்று வேண்டும். தொட்டிக்கு மூடியும் வேண்டும். இவை துள்ளிப் பாய்வன.

புதிய தொட்டிக்கு வந்த மீன் பல நாள் மணலுள் மறைந்திருத்தல் இயல்பே. மீனின் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு; அது பிறந்த கடலின் பொழுதையே சிலநாள் காட்டிக்கொண்டிருக்கும். இலங்கை மீனொன்று இலண்டனுக்குப் போனால் என்னாகும்? நமது மாலை ஆறு மணி கிறினிச்சு நேரப்படி நண்பகல் பன்னிரண்டரை. அங்கே வெயில் எறிக்கும்போதே மீன் உறங்கப் போய்விடும். நள்ளிரவிலே எழுந்து இருட்டிற் பசித்திருக்கும். வாங்கியவர் மீன் செத்ததென்று மணலைக் கிளறுவார். என்னைப் போல் எத்தனை பேரோ!

இரண்டாவது மீனையும் அப்பையனே கொண்டுவந்தான். இம்முறை ஐந்து நாள் காத்திருந்தோம். ஆறாம் நாட் காலை மணலிலே ஒரு மூக்கு; பிறகு இரு கண்கள்; பின்பு முழுமீன். அன்று தொடங்கி அது படுக்கப்போகும் நேரத்தைப் பையன் ஒரு கொப்பியிலே குறித்துவந்தான். விறாந்தை விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், ஞாயிறு மறையுமுன்னரே அது போய்விடும். நறுக்கிய இறாலை நாளுக்கு மூன்றுமுறை சிறிது சிறிதாக இட்டோம். பகல் முழுதும் மேய்ந்துண்ணும் மீனுக்கு ஒருவேளைப் பேருணவு ஒவ்வாது.

நீரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கடல் அருகில் உள்ளதே என்று எப்பொழுதும் அள்ளலாகாது. திறந்த கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து பங்கு உப்புண்டு. மாரியிலே முகத்துவாரங்கள் வெட்டுண்டு வாவிநீர் பாயும்போது கரையோர நீரின் உப்புக் குறைந்துவிடும், சேறும் கலக்கும். ஆகவே ஐப்பசிக்கு முன்னரே நல்ல நீரைச் சேமித்து மூடிவைத்தோம். தொட்டியில் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரே ஊற்றவேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிலே நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நேர்ந்ததை யாவரும் மறவார். காற்றூதும் பொறி நின்றது. பையனும் என் மக்களும் முறைவைத்துக் குவளையால் நீரை மொண்டு மேலிருந்து ஊற்றினர். என் மனைவி, "மனுசனுக்கே காத்தில்ல, மீனுக்கு விசிறி" என்றாள். மீன் பிழைத்தது.

வளர்க்க விழைவோர் இனமறிந்து தெரிக. பெனற் பெயரிட்ட கோரிஸ் போர்மோசா குஞ்சாயிருக்கையில் வெண்பட்டைகளோடு காண்பார் மனத்தைக் கவரும், வளர்ந்தால் அறுபது சதமமீற்றர் வரை நீளும், கற்களைப் புரட்டும், நண்டையும் சங்கையும் உண்ணும். அது வீட்டுக்கு உரியதன்று. புள்ளியணிந்த மக்ரோபரிங்கொடொன் சிறியதேயாயினும் மிக நுண்ணிய உயிர்களையே தின்று பழகியது. பெரும்பாலும் பட்டினியால் மெலிந்து மாயும். தொடங்குவோர்க்குச் சிறு ஹலிக்கோரெஸ் போதும்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்தபின், கடல் அடங்கியிருந்த ஒரு காலையில், பிடித்த அதே பாறைக்குழியிலே மீனை விட்டோம். வேற்றுக் கடல் மீனோடு அது கலந்திராமையினால் அவ்வாறு செய்யத் துணிந்தோம். பையனின் கொப்பி இன்றும் என்னிடமே இருக்கின்றது. கடைசிப் பக்கத்திலே, "காலை 7.10, மணலுக்குள் போகவில்லை, நீந்திப் போயிற்று" என்று எழுதியிருக்கின்றான்.