எஞ்சின் "மிஸ்ஸிங்" : காரணம் அறிந்து செலவு செய்யும் முறை

பழைய மோட்டார் கார் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் சங்கத்தில் கடன் கேட்டு எழுதும் மனுக்களில், "எஞ்சின் பழுது, முழுதும் பிரித்து வேலை செய்ய வேண்டும்" என்னும் காரணம் காணப்படுவதுண்டு. பழுது யாதென விசாரித்தால், வண்டி குலுங்குகிறது, மேட்டில் இழுக்கவில்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்பார்கள். பட்டறையில் இதனை "மிஸ்ஸிங்" என்று சொல்வது வழக்கம். வண்டி வெகு தூரம் ஓடிவிட்டபடியால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று உடனே தீர்மானித்து விடுகிறார்கள். ஆனால், ஓடிய மைல் கணக்கு நோயின் பெயர் அன்று. ஒரு பிளக்கை மாற்றித் தீரக்கூடிய குறைக்கும், எஞ்சினைப் பிரித்தே தீரவேண்டிய குறைக்கும் வெளி அடையாளம் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆகையால், கடன் வாங்குமுன் காரணத்தை அறியும் முறையை இப்பாடத்தில் விவரிப்போம்.

உதாரணத்துக்கு 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய அம்பாஸடர் காரை எடுத்துக் கொள்வோம். உத்தரபாராத் தொழிற்சாலையில் இக்காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனவே, இன்று ஓடுபவை யாவும் வயதான வண்டிகளே.

1. மிஸ்ஸிங் என்பது யாது?

இந்த எஞ்சினில் நான்கு ஸிலிண்டர்கள் உண்டு. எஞ்சின் இருமுறை சுழலும்போது ஒவ்வொரு ஸிலிண்டரிலும் ஒரு தடவை பெட்ரோல் ஆவி எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றினால் மொத்தம் 1600 தள்ளுதல்கள் உண்டாகும். இவற்றுள் சில நேராமல் தவறுவதே மிஸ்ஸிங்.

எரிதல் ஒழுங்காக நடைபெற மூன்று வஸ்துக்கள் வேண்டும். சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும் முதலாவது; தக்க சமயத்தில் பலமான மின்பொறி இரண்டாவது; ஸிலிண்டருக்குள் போதிய அமுக்கம் மூன்றாவது. முதலிரண்டின் குறைகள் பெரும்பாலும் அற்பச் செலவில் தீரும். மூன்றாவதன் குறையே பெருஞ்செலவு வைக்கும். ஆயினும் அதிலும் செலவின்றித் தீரும் குறை ஒன்று உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

2. முதலில் கவனித்தல்

ஸ்பானரை எடுக்குமுன் பின்வருவனவற்றைக் காகிதத்தில் குறித்துக் கொள்ளவும். குளிர்ந்த எஞ்சினில் மிஸ்ஸிங் உண்டா, சூடேறிய பிறகா? மேட்டிலும் பாரத்திலும் மட்டுமா, நின்றபடி ஓடும்போதுமா? மழை நாளில் அதிகமா? தவறுதல் ஒரே சீராக விழுகிறதா, தாறுமாறாக வருகிறதா?

சீராக விழுமானால் ஒரு குறிப்பிட்ட ஸிலிண்டரில் குறை இருக்கலாம். தாறுமாறாக வருமானால் நான்குக்கும் பொதுவான உறுப்புகளாகிய காயில், கண்டென்சர், பாயிண்ட், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஈர நாளில் மட்டும் வருமானால் பிளக் ஒயர்களிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கவும். புகையும் சாட்சி சொல்லும். கரும்புகை பெட்ரோல் மிகுதியையும், நீலப் புகை எண்ணெய் எரிவதையும், சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகையோடு ரேடியேட்டர் நீர் குறைவது ஹெட் காஸ்கெட் பழுதையும் குறிக்கும்.

3. எந்த ஸிலிண்டர்?

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, கியரை நடுநிலையில் வைக்கவும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுவது உயிருக்கு அபாயம். தோளில் துண்டு தொங்கலாகாது. வேட்டியை இறுக மடித்துக் கட்டவும். விசிறிப் பட்டையினருகே கை போகலாகாது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலாவது ஸிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றி, உபரியான ஒரு பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோக உடல் எஞ்சின் இரும்பில் உறுதியாகப் பதியும்படி கட்டி வைக்கவும். அருகே பெட்ரோல் கசிவு இருத்தல் கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்கவும். ஓட்டம் முன்னிலும் தளர்ந்தால் அந்த ஸிலிண்டர் வேலை செய்து கொண்டிருந்தது என்று அர்த்தம். வித்தியாசம் ஒன்றும் இல்லையேல் வேலை செய்யாதது அதுவே. எஞ்சினை நிறுத்தி ஒயரைப் பழையபடி மாட்டி, மற்ற மூன்றையும் இவ்விதமே சோதிக்கவும். எஞ்சின் ஓடும்போது ஒயரைத் தொடுவது கூடாது. அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பாய்கிறது.

கம்ப்யூட்டரும், புகைக்குழாயில் காட்டலிடிக் கன்வெர்ட்டரும் உள்ள புதிய மாதிரிக் கார்களுக்கு இம்முறை ஆகாது. எரியாத பெட்ரோல் அந்தக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அவ்வண்டிகளில் பரிசோதனைக் கருவியைப் பொருத்திக் குறி எண்ணைப் படிக்க வேண்டும். பி-0301 முதலாவது ஸிலிண்டரையும், பி-0302 இரண்டாவதையும், பி-0300 தாறுமாறான மிஸ்ஸிங்கையும் குறிக்கும். எந்த உறுப்பை மாற்றுவது என்பதை அந்த எண் சொல்லாது. பரீட்சை அப்போதும் தேவையே.

4. மின்பொறிப் பரீட்சை

குறையுள்ள ஸிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். வெளிறிய பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதி. எண்ணெய் ஈரம் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக எண்ணெய் இறங்குவதன் அடையாளம். வெளுத்துக் கொப்புளித்திருப்பது அதிகச் சூடு. பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம் இருக்க வேண்டும்.

அடுத்து, இந்தப் பிளக்கை நன்றாய் வேலை செய்யும் ஸிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றவும். குறை பிளக்கோடு சென்றால் பிளக்கே குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் ஒயரை மாற்றிப் பார்க்கவும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாது. ஒயர்களைத் திரும்ப மாட்டும்போது, ரேடியேட்டர் பக்கத்தை முதலாவதாக எண்ணி, 1, 3, 4, 2 என்ற எரியும் வரிசை பிசகாது மாட்டவும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை உலர்ந்த துணியால் துடைத்து, கீறலும் கரிக்கோடும் உண்டா என்று பார்க்கவும். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். பாயிண்ட் அடிக்கடி கருகிக் குழி விழுமானால் கண்டென்சரைச் சந்தேகிக்கவும். சூட்டில் நின்று, ஆறியபின் ஓடுமானால் காயில் பழுதாகியிருக்கக்கூடும். அதிகம் ஓடிய வண்டியில் வேறொன்றும் கவனிக்கத்தக்கது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் இருப்பின் பாயிண்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். எத்தனை தடவை புதுப் பாயிண்ட் போட்டாலும் பிரயோஜனமில்லை.

5. பெட்ரோல், காற்றுப் பரீட்சை

பில்டரையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் சுத்தம் செய்து, அடியில் நீரோ துருவோ உண்டா என்று பார்க்கவும். இக்காலத்துப் பெட்ரோலில் எதனால் என்னும் சாராயம் 20 சதவிகிதம் வரை கலந்து வருகிறது. எதனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. பல நாள் நிறுத்தி வைத்த வண்டியின் டாங்கியில் நீர் அதிகம் சேர்ந்தால், அது எதனாலோடு பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் எதனால் கெடுக்கக்கூடும். ஆகவே, அவை ஊறியோ வெடித்தோ இருப்பின் மாற்றவும்.

இவ்வெஞ்சினில் 1, 2 ஆகிய ஸிலிண்டர்களுக்கு ஒரே உள்வாயும், 3, 4 ஆகியவற்றுக்கு மற்றோர் உள்வாயும் உள்ளன. எனவே, அவ்விதம் ஜோடியாக இரண்டு குறைபட்டால், மேனிபோல்ட் மூட்டில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடுகையில் மூட்டின்மீது சோப்பு நீரைச் சிறிது விடவும். நீர் உள்ளே இழுக்கப்பட்டு ஓட்டத்தில் மாறுதல் தெரிந்தால் கசிவு அங்கேயே. இப்பரீட்சைக்குப் பெட்ரோலை உபயோகிப்பது மகா அபாயம்.

6. அமுக்கப் பரீட்சை

மேற்கூறிய யாவும் சரியாக இருந்தும் குறை நீங்காவிடின், இப்போதுதான் எஞ்சினின் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்கவும். செலவின்றித் தீரும் குறை என்று மேலே கூறியது இதுவே. இடைவெளி அறவே இல்லாவிட்டால் வால்வு முழுதும் மூடாது, அமுக்கம் கசிந்துபோம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கடினப்படுத்தாத வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம் ஒரு பாதுகாப்பாக இருந்தது. அது இல்லாமையால் பழைய எஞ்சின்களில் புகை வால்வின் இருக்கை தேய்ந்து, டாப்பெட் இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்துவிடக்கூடும். காலத்தில் சரிசெய்யாவிடில் வால்வு கருகும்.

பிறகு எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி, ஒவ்வொரு ஸிலிண்டரிலும் அமுக்கமானியை வைத்து ஸ்டார்ட்டரால் ஐந்தாறு தடவை சுழற்றிக் குறிக்கவும். சதுர அங்குலத்துக்கு 125, 122, 80, 120 ராத்தல் என்று வந்ததாக வைத்துக் கொள்வோம். குறை மூன்றாவதில் உள்ளது. அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவும். அளவு நன்கு உயர்ந்தால் ரிங்கும் ஸிலிண்டர் சுவரும் தேய்ந்தன. உயராவிடின் வால்வு அல்லது காஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு ஸிலிண்டர்கள் ஒருங்கே குறைந்தால் அவற்றிடையே காஸ்கெட் கருகியிருக்கக்கூடும். காஸ்கெட்டுக்கும் வால்வுக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். நான்கும் ஏறக்குறையச் சமமாகத் தாழ்ந்திருந்தால் எஞ்சின் தேய்ந்தது உண்மையே; ஆனால், ஒரு ஸிலிண்டரின் மிஸ்ஸிங்குக்கு அதுவே காரணம் என்று கொள்ளலாகாது.

7. தாமதமும் நஷ்டமே

காரணம் தெரியும்வரை கடன் வேண்டாம் என்பதால், குறையோடு ஓட்டிக் காலம் கடத்தலாம் என்று கருதுதல் தவறு. எரியாத பெட்ரோல் ஸிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கால் தீர வேண்டிய குறை அப்போது மெய்யாகவே ரிங் வேலையாக முடியும்.

கணக்கில் பணம் குறைந்தால் முதலில் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்க்கிறோம். பெட்டியை உடைத்துப் பார்ப்பதில்லை. எஞ்சின் விஷயத்திலும் இதுவே முறை. பெரிய பழுதுக்குக் கடன் கேட்கும் அங்கத்தினர், எந்த ஸிலிண்டர், என்னென்ன பரீட்சை செய்யப்பட்டது, நான்கின் அமுக்க அளவு யாது என்பவற்றை ஒரு தாளில் எழுதி மனுவுடன் சேர்ப்பாராக. நிர்வாக சபையாரும் அதைக் கேட்டு வாங்குவாராக. அந்தத் தாள் இருந்தால், மெக்கானிக் கேட்கும் கூலி எந்த வேலைக்கு என்பது மனுதாரருக்கும் சபையாருக்கும் தெளிவாகும்.

கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. சீரான மிஸ்ஸிங்குக்கும் தாறுமாறான மிஸ்ஸிங்குக்கும் காரண வித்தியாசம் யாது?

2. பிளக்கையும் ஒயரையும் ஒரே சமயத்தில் ஏன் மாற்றலாகாது?

3. எண்ணெய் விட்ட பிறகு அமுக்கம் உயராவிடின் எந்த உறுப்புகளைப் பார்க்க வேண்டும்?

4. அமுக்க அளவு குறிக்கப்படாத எஞ்சின் கடன் மனுவைச் சபையார் எவ்வாறு பரிசீலிப்பது?