வட்டி மானியம் வாங்கிய வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.50 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, அந்த ஆண்டு டிசம்பரில் 5.25-க்கு இறங்கிவிட்டது. அரியலூர் சிமெண்ட் ஆலைகளிலும் நாரணமங்கலம் டயர் ஆலையிலும் வேலை பார்ப்பவர்கள், பெரம்பலூரில் கடை வைத்திருப்பவர்கள் எனத் தவணை கட்டும் பலருக்கும் இப்போது "எங்களிடம் மாற்றுங்கள், வட்டி குறைவு" என்று அழைப்பு வருகிறது. சாதாரணக் கடன் என்றால் வட்டியை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியம் சேர்ந்த கடனுக்கு அது போதாது. மானியம் 2015-இல் வந்த பழைய திட்டத்திலா, 2024-இல் தொடங்கிய புதிய திட்டத்திலா வந்தது என்பதை முதலில் பாருங்கள். பழையதில் வந்திருந்தால் மாற்றலாம். புதியதில் வந்திருந்தால், பெரும்பாலோருக்கு இப்போது மாற்றாமல் இருப்பதே லாபம்.

பழைய திட்டம் 2015-இல் வந்தது. அதன் வட்டி மானியம் நடுத்தர வருமானப் பிரிவுக்கு 2021 மார்ச்சிலும், குறைந்த வருமானப் பிரிவுக்கு 2022 மார்ச்சிலும் முடிந்தது. குறைந்த வருமானப் பிரிவுக்கு அதிகபட்சம் 2.67 லட்சம் வரை கிடைத்தது. அந்தப் பணம் ஒரே தடவையில் அசலில் வரவு வைக்கப்பட்டது; உங்கள் பாக்கி அன்றே குறைந்துவிட்டது. இன்று வங்கி மாறினால் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். புது வங்கியில் அந்த மானியத்தை இரண்டாவது முறை கேட்க முடியாது, அவ்வளவுதான். வீடு கட்டி முடித்ததற்கான சான்று பழைய வங்கிக் கோப்பில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வீடு முடியாமல் நின்றுபோனால் மானியத்தைத் திரும்ப வசூலிக்க விதியில் இடம் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க: இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை நடந்த ஒரு வீட்டு உதவித் திட்டத்தில், வீட்டு மதிப்பில் ஒரு பங்குக்கு அரசே கடன் கொடுத்தது. அங்கே வேறு வங்கிக்கு மாற அரசுத் தரப்பின் ஒப்புதல் வேண்டும். நம் வீட்டில் அரசுக்குப் பங்கு எதுவும் இல்லை. ஆகவே பழைய மானியக்காரர்களுக்குக் கை கட்டப்படவில்லை.

புதிய திட்டத்தின் கதை வேறு. 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பது இது. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, வீட்டின் மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை இருக்கலாம். கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு வட்டி மானியம். அதிகபட்சத் தொகையான 1.80 லட்சம் ஒரே தடவையில் வராது. ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணைகளில் வரும். ஒவ்வொரு தவணை வரும் நாளிலும் கடன் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், வாராக்கடன் ஆகியிருக்கக் கூடாது, அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். கடனை வேறு வங்கிக்குக் கொண்டுபோனால் பழைய கணக்கு மூடப்படுகிறது. மீதித் தவணைகள் அதோடு போய்விடும் என்றே கணக்குப் போடுங்கள். யாராவது வாய்மொழியாக வேறு மாதிரி சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

அந்த இழப்பு எவ்வளவு என்று பார்ப்போம். பாக்கி 12 லட்சம், மீதி 15 ஆண்டு, வட்டி 9.5 விழுக்காடு. மாதத் தவணை சுமார் 12,531 ரூபாய். 8.5-க்கு மாறினால் 11,817. மாதம் 714 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு சுமார் 8,570. முழு மானியம் பெறுபவருக்கு ஆண்டுத் தவணை 36,000. நான்கு தவணை பாக்கி இருந்தால் 1.44 லட்சம். மாறுவதால் 15 ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மிச்சமே 1.29 லட்சத்தைத் தாண்டாது. 12 விழுக்காட்டு வட்டியிலிருந்து 9-க்கு இறங்கினால்கூட ஆண்டு மிச்சம் 27,000 அளவில்தான் நிற்கிறது; ஆண்டுத் தவணையான 36,000-ஐ எட்டாது. ஐந்தாவது தவணை வரவான பிறகு மாறலாம். அதுவரை, மக்காச்சோளம், பருத்தி விற்ற பணம் கையில் வந்தால் அசலில் கட்ட ஆசை வரும். கட்டுங்கள், ஆனால் பாக்கி பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் இடத்திலேயே வட்டியைக் குறைக்கக் கேட்பது மூன்றாவது வழி. என் கணிப்பில் பலர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. அதற்கு முந்தைய கடனாக இருந்தால் புதிய முறைக்கு மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். சிறு கட்டணம் கேட்கலாம். வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது. அவை தங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன. ரெப்போ குறைந்தும் உங்கள் வட்டி அசையாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வேறு வங்கி எழுதிக் கொடுத்த வட்டி விகிதத்தைக் காட்டிப் பேசினால் இறங்கி வர வாய்ப்புண்டு.

மாறுவது என்று முடிவானால், மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது. செலவு மற்ற இடங்களில் இருக்கிறது: செயலாக்கக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அடமானத்துக்கு ரசீதுப் பதிவு, புதிய எம்.ஓ.டி. (வங்கியிடம் மூலப்பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு. எம்.ஓ.டி. முத்திரைத் தீர்வை கடனில் அரை விழுக்காடு, அதாவது 12 லட்சத்துக்கு 6,000. பதிவுக் கட்டணம் தனி. எல்லாம் சேர்ந்து 20,000 ஆனால், மாதம் 714 மிச்சத்தில் அதைத் திரும்ப எடுக்கவே 28 மாதம் ஆகும்.

பெரிய கண்ணி தவணைக் காலத்தில் இருக்கிறது. புது வங்கி மறுபடி 20 ஆண்டு போட்டால் தவணை 10,414 ஆகக் குறையும், மனம் மகிழும். மொத்தம் கட்டுவது 22.56 லட்சத்திலிருந்து 24.99 லட்சமாக ஏறியிருக்கும். மீதி ஆண்டுகள் எத்தனையோ அதே கணக்கில் கடன் கேளுங்கள். கூடுதல் டாப்-அப் கடன் தருகிறோம் என்றால் அதன் வட்டியைத் தனியாகக் கேளுங்கள்.

பழைய திட்டத்தில் பல வீடுகள் மனைவி பெயரிலோ கூட்டாகவோ பதிவானவை. புது வங்கி அவர் கையெழுத்தையும் கடன் மதிப்பெண்ணையும் கேட்கும். நகைக்கடன் தவணை ஏதும் தவறியிருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் பழைய வங்கி மூலப்பத்திரங்களைத் தர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஆகவே, கடன் கொடுத்த நாளில் அவர்கள் தந்த ஆவணப் பட்டியலை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.