தென்னைக்கு மருந்து பூச பனை மட்டை பிரஷ்

பாகூர், வில்லியனூர் பகுதித் தென்னைகளின் தண்டில் செந்நிறச் சாறு வடிந்தால், கெட்ட பகுதியைச் செதுக்கி எரித்துவிட்டு, காயத்தில் போர்டோ பசை பூச வேண்டும். இதற்குரிய பிரஷை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பச்சைப் பனை மட்டையில் ஓரடி வெட்டி, இருபுறக் கருக்கையும் சீவவும். ஒரு முனையில் நான்கு விரற்கடை அளவை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டவும். சதை கழன்று நார் பிரியும். அலசி, நிழலில் உலர்த்தி, நுனியைச் சமமாக நறுக்கவும். மீதி மட்டையே கைப்பிடி.

மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண்சட்டியில் கலக்கவும். மயில்துத்தம் இரும்பை அரிக்கும்; தகரப் பட்டையிட்ட பிரஷ் கெட்டுவிடும். பனை மட்டைக்கு அந்தக் கவலை இல்லை. பசையை அன்றே பூசி முடித்து, மட்டையைக் கழுவி வைக்கவும்.