சத்தம் எவ்வளவு, விற்பனை எவ்வளவு? உடன்குடி கருப்பட்டி நடத்தும் டிமாண்ட் பாடம்

இந்த மாசம் ஒரு குட்டி எகனாமிக்ஸ் பாடம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஸ்டார்ட்அப் ஐடியா, ஹேக்கத்தான்னு எதுல இறங்கினாலும் இது கை கொடுக்கும். எங்க ஊர் உடன்குடியையே கேஸ் ஸ்டடியா எடுத்திருக்கேன்.

முதல்ல ஒரு வரையறை. ஒரு பொருளுக்கு 'டிமாண்ட்' இருக்குன்னு சொல்ல மூணு விஷயம் வேணும். அந்தப் பொருள் மேல ஆசை, வாங்குறதுக்குக் கையில காசு, அந்த விலைக்கு அந்தக் காசைக் கொடுக்க மனசு. முதல் ஐட்டம் மட்டும் இருந்தா அதுக்குப் பேர் வெறும் ஆசைதான். ஆனா வெளியே நம்ம காதுல விழுறது அந்த முதல் ஐட்டம் மட்டுமே. அதனாலதான் இவ்வளவு பேர் ஏமாறுறாங்க.

ரசிகர் சத்தம்: நாலு உதாரணம்

2006-ல ஹாலிவுட்ல 'ஸ்னேக்ஸ் ஆன் எ ப்ளேன்'னு ஒரு படம். பேரைக் கேட்டதுமே இன்டர்நெட்டே கொண்டாடுச்சு. ரசிகர்கள் கேட்ட மாதிரியே படத்தைக் காரமாக்க, முடிஞ்ச ஷூட்டிங்கைத் திரும்பத் தொடங்கி சில நாள் எடுத்தாங்க. எடுத்த செலவு சுமார் 3.3 கோடி டாலர். அமெரிக்காவுல டிக்கெட் வசூல் மொத்தமே சுமார் 3.4 கோடி டாலர். அதுலயும் தியேட்டர்காரங்க பங்கு போகணும்.

அடுத்தது போன். "கைக்கு அடக்கமா சின்ன போன் விடுங்கப்பா"ன்னு வருஷக்கணக்கா கேட்டாங்க. ஆப்பிள் 2020-ல 5.4 இஞ்ச்ல ஐபோன் 12 மினி விட்டது, 2021-ல 13 மினி விட்டது. விற்பனை பத்தல. 2022-ல வந்த 14 வரிசையில மினி கிடையாது, பெரிய சைஸ் 'ப்ளஸ்'தான் வந்துச்சு.

நம்ம ஊர்ல 'அன்பே சிவம்'. 2003 பொங்கலுக்கு வந்தப்போ தியேட்டர்ல ஓடல. அதே பொங்கலுக்கு வந்த 'தூள்' நல்லா ஓடுச்சு. இன்னைக்கு யாரைக் கேட்டாலும் அன்பே சிவம் பொக்கிஷம்னுதான் சொல்லுவாங்க. பெரும்பாலானவங்க அதை டிவியில பார்த்தவங்க. டிவியில பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டியதில்ல.

அப்போ ரசிகர் சத்தம் எல்லாமே பொய்யா? அப்படியும் இல்ல. 2024 ஏப்ரல்ல 'கில்லி' ரீ-ரிலீஸ் ஆனப்போ சத்தமும் இருந்துச்சு, ஹவுஸ்ஃபுல் போர்டும் தொங்குச்சு. காரணம் யோசிச்சுப் பாருங்க. செலவு ஒரு டிக்கெட் காசு. தியேட்டர் பக்கத்துலயே இருக்கு. பழக்கம் எதையும் மாத்த வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும். சத்தத்துக்கும் கவுண்டருக்கும் நடுவுல தூரம் ரொம்பக் கம்மி.

ஆக, நாம அளக்க வேண்டியது அந்தத் தூரத்தை. இப்போ உடன்குடிக்கு வருவோம்.

கருப்பட்டி ரசிகர் மன்றம்

திருச்செந்தூர் போனவங்களுக்கும் குலசை தசராவுக்கு வந்தவங்களுக்கும் உடன்குடி தெரிஞ்சிருக்கும். செம்மண் தேரியும் பனங்காடும் உள்ள ஊர். இங்க காய்ச்சுற கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல தமிழ்நாடு அரசு போட்ட முதல் வேளாண் பட்ஜெட்ல 76 லட்சம் பனை விதை, 1 லட்சம் கன்று கொடுக்கப் போறதா சொன்னாங்க. ரேஷன் கடையில பனைவெல்லம் விற்பதும் அதே அறிவிப்புல இருந்துச்சு.

நெட்லயும் கருப்பட்டிக்கு ரசிகர்கள் ஏராளம். கருப்பட்டி காபி ரீல்ஸ், "வெள்ளைச் சீனி விஷம்"னு ஃபார்வர்டு, "நம்ம பாரம்பரியத்தைக் காப்போம்"னு ஸ்டேட்டஸ். இந்தச் சத்தத்தை மட்டும் வச்சுப் பார்த்தா உடன்குடியில வீட்டுக்கு ஒரு பனையேறி இருக்கணும், அவர் வீட்டு வாசல்ல ஒரு காரும் நிக்கணும். நிலைமை தலைகீழ். பனை ஏறுற ஆள் வருஷா வருஷம் குறையுறாங்க. ஏறுறவங்களே தன் பிள்ளை இந்த வேலைக்கு வரக்கூடாதுன்னு சொல்றாங்க. ஏன்னு புரிய ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு கிலோவுக்கு என்ன ஆகுது?

பனையேறி பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லேன்னா பதநீர் புளிச்சுக் கள்ளாயிரும். சீசன் முழுக்கத் தினமும் காலையும் சாயங்காலமும் ஏறியாகணும். ஒரு நாள் லீவு போட்டா பாளை காய்ஞ்சு ஊறுறது நின்னுரும். பங்குனி வாக்குல தொடங்கி ஆடி வரைக்கும் இதே ஓட்டம்தான்.

பதநீர்ல இனிப்பு சுமார் 12 சதவீதம்னு வைங்க. 1 கிலோ கருப்பட்டிக்கு கிட்டத்தட்ட 8 லிட்டர் பதநீர் வேணும். ஒரு மரம் நாளைக்கு 2 லிட்டர், ரெண்டு தடவை ஏறணும்னு எடுத்துக்கிட்டா, 8 லிட்டருக்கு 8 ஏற்றம். மரம் 12 மீட்டர் உயரம்னா மொத்தம் 96 மீட்டர். அதாவது 1 கிலோவுக்கு ஒரு மனுஷன் 30 மாடி கட்டடத்தை வெளிப்பக்கமா ஏறி இறங்குறார், லிஃப்ட் இல்லாம.

இனி காய்ச்சுறது. இதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் விடிலியில, அதாவது ஓலைக் குடிசையில, வெக்கையில நின்னு செய்றாங்க. 8 கிலோ பதநீரை 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 8 × 4.2 × 70, சுமார் 2,350 கிலோஜூல். அதுல 7 கிலோ தண்ணியை ஆவியாக்க 7 × 2,257, சுமார் 15,800 கிலோஜூல். கூட்டினா 18 மெகாஜூல். காய்ஞ்ச விறகுல கிலோவுக்கு 15 மெகாஜூல் இருந்தாலும் திறந்த அடுப்போட எஃபிஷியன்சி 15 சதவீதம்னு வச்சா கைக்குக் கிடைக்குறது 2.25 மெகாஜூல்தான். அப்போ 1 கிலோ கருப்பட்டிக்கு 8 கிலோ விறகு.

மரமும் அடுப்பும் மாறினா நம்பரும் மாறும். ஆனா ஒண்ணு நிச்சயம்: 8 ஏற்றம், 8 கிலோ விறகு, ஒரு அம்மாவோட அரை நாள், இதெல்லாம் சேர்ந்த பொருளை மில்லுல டன் கணக்குல வர்ற சீனி விலைக்குக் கொடுக்கவே முடியாது. சீனி 40, 50 ரூபாய்க்குக் கிடைக்குது. நல்ல கருப்பட்டி அதைவிடப் பல மடங்கு.

லைக் ஏன் பில் ஆகல?

ஒண்ணு, லைக் போட காசு வேண்டாம். ஓசியில கொடுக்குற எதையும் நாம தாராளமாக் கொடுப்போம்.

ரெண்டு, மனசுல இருக்குற விலை. கடைக்காரர் விலை சொன்னதும் நம்ம மூளை அதைச் சீனியோட விலையோட ஒப்பிடுது. "இனிப்புதானே, இவ்வளவா?"ன்னு வாய் தானா கேட்கும். 8 ஏற்றம் நம்ம கண்ணுல படுறதே இல்ல.

மூணு, பழக்கம். திருச்செந்தூர் போயிட்டு வரும்போது ஒரு பாக்கெட் வாங்குறவங்க நிறைய. வீட்டுல தினம் காபிக்குப் போடுறது சீனிதான். வருஷத்துல ஒரு தடவை வாங்குற 10 பேரை விட மாசம் 1 கிலோ வாங்குற ஒரே வீடு மேல். முதல் கணக்குல 10 கிலோ, ரெண்டாவதுல 12 கிலோ.

நாலு, பேசுற ஆளும் வாங்குற ஆளும் வேற வேற. ரீல்ஸ் போடுற பையன் வீட்டு மளிகை லிஸ்ட் எழுதுறதில்ல, அவங்க அம்மாதான் எழுதுறாங்க.

காசு இல்லாத ஆசை சும்மா போகாது

பாடத்தோட முக்கியமான இடம் இதுதான். "சரி, சத்தம் விற்பனையா மாறலன்னா என்ன, யாருக்கு நஷ்டம்?"னு தோணலாம். ஐபோன் மினி விக்கலன்னா அந்த மாடல் நின்னுரும், அவ்வளவுதான். கருப்பட்டியில கதை வேற.

சும்மா ஒரு உதாரணம். சுத்தமான சரக்கு 400 ரூபாய், சீனி 45 ரூபாய்னு வைங்க. ஜனங்க எல்லாரும் "எனக்கு உடன்குடி கருப்பட்டியேதான் வேணும், ஆனா 225-க்கு மேல தரமாட்டேன்"னு நிக்கிறாங்க. பனையேறியால அந்த விலைக்குத் தர முடியாது. பாதிக்குப் பாதி சீனி கலக்குறவரால முடியும். கூட்டிப் பாருங்க: 200 + 22.50 = 222.50. சந்தை நம்ம பேச்சையும் கேட்குது, நம்ம பர்ஸையும் கேட்குது. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல பொருந்துற ஒரே பொருள் போலிதான். சீனி கலந்த கருப்பட்டி பிடிபட்ட செய்தி தூத்துக்குடி பக்கம் திரும்பத் திரும்ப வர்றது இதனாலதான்.

சிரட்டையில ஊத்தினா ரெண்டும் ஒரே வடிவம். வாங்குறவங்களால பிரிச்சுச் சொல்ல முடியாது. பதநீர்ல இருக்குறதும் பெரும்பாலும் சுக்ரோஸ், கரும்புச் சீனியும் சுக்ரோஸ். அதனால வீட்டு டெஸ்ட் எதையும் நம்பி முடிவு எடுக்க முடியாது. லேப்ல ஒரு வழி இருக்கு. கரும்பு சி4 தாவரம், பனை சி3 தாவரம். கார்பன்-13 ஐசோடோப்பு விகிதம் ரெண்டுக்கும் நல்லாவே வேறுபடும். தேன் கலப்படத்தைக் கண்டுபிடிக்கறதும் இந்த முறையிலதான். ஆனா அந்த மெஷினைத் தூக்கிட்டு யாரும் மளிகைக் கடைக்குப் போக முடியாதே!

இப்படித் தரம் கண்ணுக்குத் தெரியாத சந்தை என்ன ஆகும்னு ஜார்ஜ் அகர்லாஃப் 1970-லயே எழுதிட்டார். அவர் எடுத்த உதாரணம் பழைய கார். நல்லதையும் மோசமானதையும் பிரிக்க முடியலன்னா வாங்குறவர் ரெண்டுக்கும் நடுவான விலைதான் சொல்வார். அந்த விலை நல்ல காரை வச்சிருக்கறவருக்குக் கட்டாது, அவர் சந்தையை விட்டுப் போயிடுவார். மிஞ்சுறது மோசமான கார். 2001-ல அவருக்கு நோபல் கிடைச்சது. அவரோட பழைய கார் இருக்குற இடத்துல கருப்பட்டியை வச்சுப் பாருங்க, அப்படியே பொருந்தும். சந்தையை விட்டுப் போற 'நல்ல கார்காரர்'தான் நம்ம பனையேறி.

ஆக, காசு கொடுக்காத ரசிகர் கூட்டத்தால பனையேறிக்கு உதவியும் இல்ல, அதோட கலப்படக்காரருக்கு விளம்பரமும் அது ஓசியில பண்ணிக் கொடுக்குது. புவிசார் குறியீடு பேரைக் காப்பாத்தும். ஆனா விலையைக் கொடுக்க வேண்டியது நாமதான்.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு மூணு கேள்வி

"இந்த ஆப் வந்தா யூஸ் பண்ணுவீங்களா?"ன்னு கூகுள் ஃபார்ம் அனுப்பினா நண்பர்கள் எல்லாரும் 'ஆமா'ன்னுதான் டிக் அடிப்பாங்க. அது நட்பு, டிமாண்ட் இல்ல. அதுக்குப் பதிலா இதைக் கேளுங்க:

1. இந்த வேலைக்காக நீங்க கடைசியா எப்போ, எவ்வளவு செலவு பண்ணீங்க?
2. அது தீர்ந்ததும் திரும்ப வாங்கினீங்களா?
3. இப்போவே அட்வான்ஸ் தருவீங்களா?

முதல் ரெண்டும் நடந்து முடிஞ்ச விஷயம், அதுல பொய் சொல்றது கஷ்டம். மூணாவது கேள்வியில கூட்டம் கலையும். கலைஞ்ச பிறகு நிக்குறவங்கதான் உங்க உண்மையான மார்க்கெட். 10 பேர்தான்னாலும் 10-னு தெரிஞ்சு தொடங்குறது நல்லது.

அந்த மூணாவது கேள்வி பனங்காட்டுக்கும் பொருந்தும். சீசன் இல்லாத மாசங்கள்ல பல பனையேறி குடும்பங்கள் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கித்தான் அடுப்பு எரிக்குது. முன்பணம் கொடுத்தவர்கிட்டதான் சரக்கு போகும், விலையும் பெரும்பாலும் அவர் சொல்றதுதான். அந்த முன்பணத்தைச் சாப்பிடுறவங்களே கொடுத்தா? ஹாஸ்டல்ல 50 பேர் சேர்ந்து, தை மாசத்துலயே ஒரு குடும்பத்துக்கு, ஆளுக்கு 2 கிலோவுக்கான முழு விலையைக் கட்டினா 100 கிலோ ஆச்சு. நம்ம கணக்குப்படி 800 லிட்டர் பதநீர், 800 ஏற்றம். காய்ச்சுற இடத்துக்கே ஆள் போய்ப் பார்த்து வாங்கினா கலப்படப் பயமும் போச்சு. ஐசோடோப்பு மெஷினும் வேண்டாம்.

50 பேர்னா நம்ம கிளாஸ்ல பாதிக்கும் மேல. ஸ்டேட்டஸ் போட்டவங்களை எண்ணினா அதைவிட அதிகமா வரும். அட்வான்ஸ் கட்டுறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க மக்களே. டிமாண்ட் கர்வ்ல வர்ற புள்ளி அதுதான்.