கார் நிற்கும் வீட்டில் பைக்கும் சைக்கிளும்: 18 பயனுள்ள குறிப்புகள்

கார்ப் பிரியர் வீட்டு போர்டிகோவில் கார் மட்டும் நிற்பதில்லை. ஓரத்தில் ஒரு ஆர்எக்ஸ் 100, அப்பா ஓட்டிய புல்லட், ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) போய்வரும் கியர் சைக்கிள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் லேடி பேர்டு என்று ஒரு வரிசையே இருக்கும். காருக்குச் செய்து பழகிய கை, அதே டப்பாவையும் அதே ஸ்பேனரையும் இவற்றுக்கும் நீட்டும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. காருக்கு ஊற்றி மிஞ்சிய என்ஜின் ஆயிலை பைக்குக்கு ஊற்றாதீர்கள். இன்றைய கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் அதிலேயே ஊறிக்கொண்டிருக்கும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்கள் பிளேட்டைப் பிடிக்கவிடாமல் வழுக்கவிடும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. டப்பாவின் பின்பக்கம் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் இல்லை. அதற்கு எம்பி என்று போட்ட ஆயில் போதும்.

2. டேஷ்போர்டு பளபளக்க அடிக்கும் சிலிகான் ஸ்பிரேயை பைக் சீட்டில் அடித்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் உங்கள் முதுகில் வந்து மோதுவார். அதைவிட மோசம் டயர் பாலிஷ். கார் டயரின் பக்கச் சுவர் தரையைத் தொடுவதில்லை. பைக் வளைவில் சாயும்போது டயரின் ஓரமும் தரையைத் தொடும். அங்கே பாலிஷ் இருந்தால் வண்டி சறுக்கும். கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட், பிரேக் டிஸ்க் இவற்றின் பக்கமும் எந்த ஸ்பிரேயும் போகக் கூடாது. சைக்கிளுக்கும் இதே பேச்சுதான்.

3. கார் கழுவும் பிரஷர் வாஷரை வீல் நடுவிலும், சைக்கிள் பெடல் அச்சிலும், மீட்டர் பக்கத்திலும் காட்ட வேண்டாம். தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கரைத்துவிடும். பால்ரஸ் துருப்பிடித்துக் கரகரக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் தெரியும். ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, பழைய பனியன் துணி, இடுக்குக்கு ஒரு பழைய டூத் பிரஷ் போதும்.

4. கார் வீல் நட்டை ஏறி மிதித்து முடுக்கிப் பழகியவர்கள் பைக்கில் கையை அடக்க வேண்டும். கார் வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முடுக்கம் தேவை. பைக்கில் இருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 போதும். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் சின்ன போல்ட்டுகளுக்கு ஐந்தாறு. என்ஜின் அலுமினியம், போல்ட் இரும்பு. அழுத்தி முடுக்கினால் போவது என்ஜினில் இருக்கும் திரெட்தான். ஆயில் டிரெயின் போல்ட்டில் இப்படித் திரெட்டைக் காலி செய்துவிட்டு லேத் பட்டறை வாசலில் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவைத்தால் பைக்குக்கும் சைக்கிளுக்கும் உதவும்.

5. புல்லட்டின் வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. சென்னையில் 1950-களில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதனால் பழைய வண்டிகளில் சில நட்டுகளில் மில்லிமீட்டர் ஸ்பேனர் லூசாகத்தான் உட்காரும். அப்படியே திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அங்குல அளவு ரிங் ஸ்பேனர் ஒரு செட் தனியாக வைத்திருங்கள்.

6. சைக்கிளின் இடது பெடல் எதிர்த் திசையில் கழலும். வராத பெடலோடு மல்லுக்கட்டும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. வெளிச்சம் போதவில்லை என்று கார் பல்பைப் பைக்கில் மாட்டுவது பரவலான பழக்கம். காரில் வரும் எச்4 பல்ப் 60/55 வாட். பல பைக்குகளில் வரும் எச்எஸ்1 வெறும் 35/35. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருப்பதால் லேசாகத் தட்டிக்கொடுத்தால் உட்கார்ந்தும்விடும். பிறகு ஹோல்டர் உருகும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் மங்கிப்போகும், ஸ்விட்ச் கருகும், பேட்டரியும் இறங்கும். ஹாலஜன் கூண்டுக்குள் எல்இடி பல்ப் போடுவதும் வேண்டாம். எதிரே வருபவர் கண்ணைப் பறிக்குமே தவிர, ரோட்டில் விழும் வெளிச்சம் பெரிதாகக் கூடாது. முதலில் ராத்திரியில் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, லைட் சரியான உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

8. பெட்ரோல் பங்க் காற்று மெஷினில் சைக்கிள் டியூபைக் கொடுக்காதீர்கள். சின்ன டியூப், கண் மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும். வீட்டில் மீட்டர் வைத்த கைப்பம்ப் ஒன்று இருக்கட்டும். கார், பைக்கின் வால்வு ஒரு வகை. வால் டியூப் போட்ட நம்மூர் சைக்கிள் வால்வு இன்னொரு வகை. ரேஸ் சைக்கிளில் நீளமாக, ஒல்லியாக, தலையைத் திருகித் திறக்க வேண்டிய வால்வு வேறு. ஒல்லி வால்வுக்கு மாட்டும் பித்தளை அடாப்டர் சைக்கிள் கடையில் கிடைக்கிறது. அதைப் போட்டால் கார் பம்ப்பிலேயே காற்றடிக்கலாம். எவ்வளவு காற்று என்பது சைக்கிள் டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். வால்வு ஓரம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வந்தால் பஞ்சர் இல்லை, வால் டியூப்தான் போயிருக்கிறது.

9. பைக் செயினும் சைக்கிள் செயினும் ஒரே ஆயிலில் ஓடாது. பைக்கில் ரப்பர் வளையம் போட்ட செயின் என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே போட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சைக்கிள் செயினுக்கு என்ஜின் ஆயில் கனம் அதிகம். ஈசிஆர் மணல் அதில் ஒட்டி, பல்லைத் தேய்த்துவிடும். மெல்லிய சைக்கிள் ஆயிலை ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாளில் பிசுக்காகிவிடும். டபிள்யூடி-40 துருவைக் கிளப்பத்தான். அதை மட்டும் அடித்துவிட்டு ஓட்டினால் செயின் காய்ந்துபோகும்.

10. பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் கிளம்பிவிடும். துடைப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். திறந்துவைத்த டப்பா காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போன வருஷம் காருக்கு வாங்கி மிஞ்சியதை பைக்குக்கு ஊற்ற வேண்டாம்.

11. பைக் பேட்டரி இறங்கிவிட்டால் காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் கார் என்ஜின் ஓடக் கூடாது. சார்ஜர் போடுவதாக இருந்தால் பேட்டரியின் ஆம்பியர் அளவில் பத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் சார்ஜரை அப்படியே மாட்டினால் பேட்டரி உப்பிவிடும்.

12. செலவு குறைவாக, பலன் உடனே தெரிகிற ஆல்டரேஷன் வேண்டுமென்றால் பல் சக்கரத்தை மாற்றுங்கள். மேட்டில் தம் கட்டும் சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். ஃபிரீ வீலை 22 பல்லாக்கினால் சரியாக இரண்டு சுற்று. மேடு எளிதாகும், சமதளத்தில் கொஞ்சம் வேகம் குறையும். செயினில் ஓரிரு இணைப்பு சேர்க்க வேண்டி வரலாம். பின் ஃபோர்க்கில் சக்கரத்தைத் தள்ளி வைக்க இடம் இருந்தால் அதுவும் வேண்டாம். பைக்கிலும் கணக்கு இதேதான்: பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினால் இழுவை கூடும், உச்ச வேகம் குறையும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆர்எக்ஸ் 100-ல் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் கணக்குத் தப்பாது. கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் புது வண்டிகளில் மீட்டர் தப்பாகக் காட்டும். அங்கே இதைச் செய்ய வேண்டாம்.

13. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில் நம்மவர்களுக்கு அசட்டுத் தைரியம் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சேஸிஸை வெட்டி நீட்டுவது, வேறு என்ஜின் ஏற்றுவது, ஓட்டைச் சைலன்சர் எல்லாம் இதில் மாட்டும். நிறத்தை மாற்றலாம், ஆனால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அழகு கெடுகிறது என்று சாரி கார்டையும் பின்னிருக்கைக் கைப்பிடியையும் கழற்றுகிறார்களே, அவை இரண்டும் மோட்டார் வாகன விதி 123-ன்படி கட்டாயம். புடவையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்தக் கம்பியில் கை வைக்க மாட்டார்கள்.

சீட் ஃபோம், ஹேண்டில் கிரிப், போன் ஸ்டாண்டு, பக்கப் பை, நல்ல டயர், சைக்கிளுக்குக் கேரியர், கூடை, மட்கார்டு: இவற்றோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம். அரை மணி நேரத்தில் கழற்றிப் பழையபடி ஆக்க முடியாத மாற்றத்தை வீட்டில் செய்ய வேண்டாம்.

14. கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆயில் துணியில் சுற்றி, கோணியில் கட்டி, எந்த வண்டி என்று எழுதிப் பரணில் வையுங்கள். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அதன் ஒரிஜினல் சைலன்சருக்கும் மட்கார்டுக்கும் இன்று இருக்கும் கிராக்கி உங்களுக்கே தெரியும். 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. வண்டி பழைய உருவத்திலேயே இருந்தால்தான் அந்தப் பதிவு.

15. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கப் போகும் கார்புரேட்டர் பைக்கில் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை ஊதவைக்கும். டேங்க்கை நிரப்பி வைத்தால் உள்ளே துரு ஏறுவது குறையும். பழைய குழாயையும் வாஷரையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம்.

16. மழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் ஏற்றுபவர்கள், பைக்கை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். தண்ணீரில் மூழ்கிய பைக்கில் செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெதுவாகக் கிக் அடித்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் போல்ட்டைத் திறந்து பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு அதையும் கொட்டி, மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். ஏர் ஃபில்டர், சைலன்சர் இரண்டையும் பார்க்க மறக்க வேண்டாம். மூழ்கிய சைக்கிளை ஓவர்ஹால் செய்யக் கொடுத்துவிடுங்கள்.

17. 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 வருஷம், புது காருக்கு 3 வருஷம் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் சேர்த்தே வருகிறது. ‘அதான் 5 வருஷம் இருக்கே’ என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி பெரும்பாலும் ஒரு வருஷத்திலேயே முடிந்திருக்கும். வண்டி திருடுபோனால் கையில் ஒன்றும் வராது. கார், பைக் இரண்டின் பாலிசி தேதிகளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். கூடுதலாக மாட்டிய சாமான்களைப் பாலிசியில் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

18. சைக்கிளைக் காரில் ஏற்றிப் போகிறீர்களா? டிக்கியில் மாட்டும் ரேக் நம்பர் பிளேட்டையும் பின் விளக்கையும் மறைத்தால் வழியில் நிறுத்திக் கேட்பார்கள். கூரை ரேக் என்றால் ஸ்டியரிங்கில் ‘மேலே சைக்கிள்’ என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். மாலில் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள் நுழையும்போது கண்ணில் படும். ஆயில் டிஸ்க் பிரேக் இருக்கும் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் பேடுகளுக்கு நடுவில் மடித்த விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது லீவரை அழுத்தினாலும் பேடு ஒட்டிக்கொள்ளாது.