கோழிக்கு மருந்திடத் தோளில் கிடக்கும் துண்டே போதும்

கிராமங்களில் நான்கைந்து நாட்டுக்கோழிகள் இல்லாத வீடு குறைவு. தீனிக்கென்று தனிச் செலவு இல்லை. முட்டையும் குஞ்சும் விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் நிற்கிறது. அவசரத்துக்கு ஒரு சேவலை விற்றுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் கட்டும் தாய்மார்கள் இன்றும் உண்டு. இப்படிப்பட்ட கோழி நோயில் இறந்தால் "அதன் விதி" என்று விட்டு விடுகிறோம். மருந்து கொடுக்கப் பிடித்த பிடியிலேயே இறந்தால் அதையும் நோயின் கணக்கில்தான் எழுதுகிறோம். இந்த இரண்டாவது வகைச் சாவு நாம் நினைப்பதை விட அதிகம். இதைத் தடுக்கக் காசு செலவு எதுவும் இல்லை. உழவர் தோளில் கிடக்கும் பருத்தித் துண்டும், ஐந்து நிமிடப் பொறுமையும் இருந்தால் போதும்.

இதை நான் கற்றுக் கொண்டது படிப்பில் அல்ல. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில், மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோழிக்குக் கண் சொட்டு மருந்து விடும் முறையை விளக்கிக் காட்டச் சென்றிருந்தேன். முதலில் வந்த கோழி நன்றாகத் திமிறியது. ஒரு துண்டை வாங்கி அதை இறுக்கிச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் கொண்டு, கூடியிருந்தவர்களுக்கு நோயைப் பற்றி விளக்கமாகப் பேசிக் கொண்டிருந்தேன். கோழி அடங்கி விட்டது. "பாருங்கள், துணி சுற்றினால் எவ்வளவு அமைதியாக இருக்கிறது!" என்றும் சொன்னேன். சொட்டு மருந்துக் குப்பியைத் திறந்த போதுதான் அதன் தலை தொங்குவதைக் கண்டேன். கோழிக்குச் சொந்தக்காரப் பெண் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டிதான், "புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கணும் சாமி. நெஞ்ச அமுக்குனா அது எப்படி மூச்சு விடும்?" என்றார்.

கோழியின் விலையைக் கொடுத்து விட்டேன். ஆனால் அன்று அந்த ஊரில் வேறு ஒருவரும் கோழியைக் கொண்டு வரவில்லை. அடுத்த கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்த போது அந்தத் தெருவில் மிஞ்சியவை சில கோழிகள்தான். ஒரு கோழியைத் தவறாகப் பிடித்ததால் ஒரு தெருவே தடுப்பு மருந்து இல்லாமல் போயிற்று.

கோழி மூச்சு விடும் விதம்

அந்தப் பாட்டி சொன்னது முற்றிலும் சரி. நமக்கும் ஆடு மாடுகளுக்கும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைச் சுவர் இருக்கிறது. அது ஏறி இறங்குவதால் நுரையீரலுக்குள் காற்று போய் வருகிறது. பறவைகளுக்கு இந்தச் சுவர் கிடையாது. அவற்றின் நுரையீரல் விலா எலும்புகளோடு ஒட்டிக் கிடக்கும். நம் நுரையீரலைப் போல விரிந்து சுருங்காது. உடம்புக்குள் பல காற்றுப் பைகள் உள்ளன. மார்பெலும்பும் விலாவும் முன்னும் பின்னும் அசையும் போது, கொல்லன் துருத்தி போல இந்தப் பைகள் காற்றை இழுத்து நுரையீரல் வழியே அனுப்புகின்றன.

ஆகவே மார்பெலும்பு அசைய முடியாமல் அழுத்திப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் கோழிக்கு மூச்சு இல்லை. கழுத்தை நெரித்தால்தான் சாகும் என்பதில்லை. நெஞ்சை அமுக்கினாலே போதும். கழுத்தில் மூச்சுக் குழாயைச் சுற்றிக் கெட்டியான வளையங்கள் இருக்கின்றன. நெஞ்சுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

காலைக் கட்டித் தலைகீழாகச் சைக்கிளில் தொங்க விட்டுச் சந்தைக்குக் கொண்டு போகும் பழக்கத்தின் கெடுதலும் இதில் இருந்தே விளங்கும். தலைகீழாகத் தொங்கும் போது குடலும் ஈரலும் காற்றுப் பைகளின் மேல் சாய்கின்றன. கழுத்தடியில் உள்ள இரைப்பையில் தீனியோ தண்ணீரோ இருந்தால் அது வாய்க்கு வந்து மூச்சுக் குழாயில் இறங்கவும் கூடும். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, தேவையற்ற துன்பம் தரும் வகையில் பிராணிகளைக் கொண்டு செல்வது குற்றமும் ஆகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நோயுற்ற கோழியை இப்படித் தூக்கிக் கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு வருகிறவர்கள், வைத்தியத்தின் பாதிப் பலனை வழியிலேயே இழக்கிறார்கள்.

பிடிக்கும் நேரம்

பகலில் துரத்திப் பிடிக்கக் கூடாது. வேலியையும் வைக்கோல் போரையும் சுற்றி ஓட விட்டுப் பிடித்த கோழி, பிடிக்கும் முன்பே இளைத்துப் போயிருக்கும். கோழியின் உடம்புச் சூடு இயல்பாகவே நம்மை விட அதிகம். ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ், அதாவது 106 டிகிரி பாரன்ஹீட். அதற்கு வியர்வைச் சுரப்பியும் கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. ஓடிக் களைத்த கோழியை உடனே துணியில் சுற்றினால் அந்த வழியும் அடைபடும். சித்திரை, வைகாசி வெயிலில் முற்பகல் 11 மணி முதல் மாலை 4 மணி வரை இந்த வேலையே வேண்டாம்.

பொழுது சாய்ந்து கோழிகள் அடையும் நேரமே நல்லது. மங்கிய வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் ஓடாது. முருங்கையிலும் வேம்பிலும் ஏறி அடையும் கோழிகளை, ஏறும் முன்பே கொஞ்சம் தானியம் போட்டுப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துக் கொள்ளலாம். பஞ்சாரத்தின் மேல் ஒரு சாக்கைப் போட்டு இருட்டாக்கி, கால் மணி நேரம் கழித்துப் பிடித்தால் கோழி அடங்கி இருக்கும்.

பிடிக்கும் முன் மருந்து, பஞ்சு, கத்தரிக்கோல், வெந்நீர் ஆகிய எல்லாவற்றையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். கோழியைக் கையில் வைத்துக் கொண்டு, "அந்த மருந்தை எங்கே வைத்தாய்?" என்று வீட்டுக்குள் கேட்டுக் கொண்டிருக்கக் கூடாது.

துண்டு போடும் முறை

பழைய, மெல்லிய பருத்தித் துண்டுதான் ஏற்றது. கிழிந்த வேட்டியில் இரண்டு முழம் கிழித்துக் கொண்டாலும் சரி. பூந்துவாலையின் நூல் வளையங்களில் கோழியின் நகம் சிக்கும். நைலான், பாலியெஸ்டர் துணிகள் வழுக்கும், காற்றும் புகாது. குஞ்சுகளுக்குக் கைக்குட்டை போதும்.

துண்டை விரித்து இரு கைகளிலும் பிடித்துக் கொண்டு, கோழியின் பின்புறமாகக் குனிந்து, தலை முதல் வால் வரை மூடும்படி மெல்லப் போட வேண்டும். கண் மறைந்ததும் கோழி அப்படியே அமரும். உடனே துண்டின் மேலாக இரண்டு உள்ளங்கைகளையும் இரு இறக்கைகளின் மீது வைத்து அணைக்க வேண்டும். அழுத்தம் பக்கவாட்டில் இறக்கைகளின் மேல் மட்டும் இருக்கட்டும். முதுகிலிருந்து கீழ்நோக்கி அமுக்கக் கூடாது. இறக்கைகள் அடங்கினால் கோழி அடங்கியது என்று பொருள். ஒற்றை இறக்கையைப் பற்றித் தூக்கினால் மூட்டு விலகும். சில சமயம் எலும்பே முறியும்.

பிறகு தூக்கி மடியிலோ கயிற்றுக் கட்டிலிலோ வைத்து, துண்டின் ஒரு முனையை ஓர் இறக்கையின் மேலாகவும், மறு முனையை மற்ற இறக்கையின் மேலாகவும் கொண்டு வந்து முதுகின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக மடிக்க வேண்டும். முடிச்சுப் போடுதல் கூடாது. மார்புக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அவிழ்த்து மறுபடியும் சுற்றுங்கள். தலையை வெளியே விட்டு, ஒரு மடிப்பைக் கண்களின் மேல் மட்டும் தளர்வாகப் போடலாம். மூக்குத் துளைகள் எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

ஒருவரே செய்வதானால், சுற்றிய கோழியை இடது கக்கத்தில், தலை முன்னோக்கி இருக்குமாறு வைத்து, இடது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்க வேண்டும். கால்கள் விரல்களுக்கு இடையே வரும். கை கோழியின் பாரத்தைத் தாங்குவதற்குத்தான், இறுக்குவதற்கு அல்ல. சேவலாக இருந்தால் கால் முள்ளையும் சேர்த்துத் துணிக்குள் கொண்டு வருவது நலம். சண்டைச் சேவல் வளர்ப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

கைக்கு வந்ததில் இருந்து மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து நிமிடம். அதற்குள் வேலை முடியாவிட்டால் கீழே விட்டு, சற்று ஓய்வு கொடுத்து மறுபடியும் தொடங்குங்கள். வேலை நடக்கும் போது ஒரு கண் கோழியின் மேல் இருக்கட்டும். வாயைத் திறந்து இளைத்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ, கொண்டை கறுத்து நீலம் பாய்ந்தாலோ, திமிறிக் கொண்டிருந்தது திடீரென்று துவண்டாலோ உடனே துணியை அவிழ்த்து நிழலில் விட வேண்டும். அன்று நான் அமைதி என்று நினைத்தது இந்தக் கடைசி அடையாளத்தைத்தான். முன்பே மூச்சு இரைக்கும் நோய்க் கோழியைத் துணியில் சுற்றவே கூடாது. காற்றோட்டமான கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

மருந்திடுதல்

இராணிகேட் நோய் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் 1927-இல் இமயமலைப் பகுதியில் உள்ள இராணிகேட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயரைப் பெற்றது. வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை. தடுப்பு மருந்துதான் வழி. குஞ்சு பிறந்து ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். எட்டு வாரத்தில் இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே ஊசி போட வேண்டும். சொட்டு விட்ட பின் குஞ்சு கண்ணை மூடித் திறந்து மருந்தை உள்ளிழுக்கும் வரை விடக் கூடாது. உதறினால் மருந்து தரையில்தான் இருக்கும். ஊசிக்குக் கொண்டு செல்லும் போது துண்டிலிருந்து ஓர் இறக்கையை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினால் போடுகிறவருக்கும் எளிது. முகாம் நாளன்று விடியும் முன் கோழிகளைத் திறந்து விடாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வாய் வழியாக மருந்து கொடுப்பதில்தான் தவறுகள் மிகுதி. கழுத்தை நிமிர்த்தி, அலகைப் பிளந்து, சங்கால் ஊற்றுகிறார்கள். கோழியின் நாக்கின் அடிப்பகுதியிலேயே மூச்சுக் குழாயின் வாய் இருக்கிறது. அலகைத் திறந்து பார்த்தால் சிறு பிளவாகத் திறந்து மூடுவது தெரியும். ஊற்றிய மருந்து அதில் இறங்கினால் பிழைப்பது அரிது. அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் விழுங்க நேரம் கொடுங்கள். தின்கிற கோழிக்கு மருந்தைச் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்தால் துண்டே தேவையில்லை.

பேன் பார்க்க இறக்கையின் அடியையும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை எதிர்ப்புறமாக ஒதுக்கிப் பாருங்கள். மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டு விடுங்கள். தோல் வெந்து போகும். பாதத்தில் புண் இருந்தால் கால்களை மட்டும் வெளியே விட்டுச் சுற்றி, வெதுவெதுப்பான உப்பு நீரில் கழுவலாம். முட்டை அடைத்து முக்கும் கோழியைத் தூக்கும் போது வயிற்றில் கை படக் கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் ஓடு குத்திப் புண்ணாகி விடும்.

புறா, லவ் பேர்ட்ஸ் வளர்ப்போரும் இதே முறையைப் பின்பற்றலாம். பறவை சிறியதாக இருக்கும் அளவுக்குப் பிடியும் இலேசாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்குத் துண்டு போடும் முறையை நான் சொல்வதற்கில்லை. வாத்தையும் கினிக்கோழியையும் ஒரு போதும் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். அவற்றின் கால்கள் எளிதில் பழுதடையும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஓரிரு நாட்களில் பல கோழிகள் திடீரென்று சாகுமானால் எதையும் கையால் தொட வேண்டாம். 2006-இல் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் காணப்பட்டது முதல் நம் நாட்டில் பல இடங்களில் அது தலைகாட்டி வருகிறது. மனிதருக்கும் அது தொற்றக் கூடும். அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுத்து விட்டு, குழந்தைகளைக் கோழிக் கூண்டின் பக்கம் விடாமல் இருங்கள்.

நோய்க் கோழியைச் சுற்றிய துண்டால் அடுத்த கோழியைச் சுற்றக் கூடாது. நலமான கோழிகளை முதலில் முடித்து, நோயுற்றதைக் கடைசியில் பிடிக்க வேண்டும். கோழியைச் சுற்றிய துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு, அதனாலேயே முகம் துடைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதைக் கோழிக்கென்றே தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வையுங்கள். கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வையுங்கள்.